அன்றாட ஆங்கிலச் சொற்களின் இலக்கண வகையைக் கண்டறிவது எப்படி?

‘வாட்டர்’ என்பது பெயர்ச்சொல்லா, வினைச்சொல்லா என்று கேட்டால் பெரும்பாலோர் தயங்காமல் பெயர்ச்சொல் என்பார்கள். ஆனால் ‘ஐ வாட்டர் தி பிளாண்ட்ஸ்’ என்ற வாக்கியத்தில் அதே சொல், செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றும் செயலைக் குறிக்கிறது. அங்கே அது வினைச்சொல். ‘வாட்டர் பாட்டில்’ என்னும்போது அது இன்னொரு பெயர்ச்சொல்லுக்கு அடையாக நிற்கிறது. ஆகவே ஓர் ஆங்கிலச் சொல்லைத் தனியே எடுத்து வைத்துக்கொண்டு அதன் வகையைக் கேட்பதில் பெரும்பாலும் பயனில்லை. அது எந்த வாக்கியத்தில், எந்த இடத்தில் நிற்கிறது என்பதைப் பார்த்த பிறகே விடை சொல்ல முடியும். இந்த வழிகாட்டி முழுவதும் அந்த ஒரு கருத்தைப் பற்றிக்கொண்டே செல்கிறது.

தமிழ் பேசுவோருக்கு இது சற்றுப் புதிதாகத் தோன்றக் காரணம் உண்டு. ‘ஓடினான்’, ‘ஓட்டம்’, ‘ஓடுகிற’ என்று தமிழ்ச் சொல் தன் வகையைத் தன் ஈற்றிலேயே பெரும்பாலும் காட்டிவிடுகிறது. எனவே வாக்கியத்தில் சொற்களை இடம் மாற்றினாலும் பொருள் அதிகம் குழம்புவதில்லை. சுமார் 1100ஆம் ஆண்டுக்கு முற்பட்ட பழைய ஆங்கிலத்திலும் இப்படிப்பட்ட ஈறுகள் நிறைய இருந்தன. அடுத்த சில நூற்றாண்டுகளில் அவற்றில் பெரும்பாலானவை தேய்ந்து மறைந்துவிட்டன. இன்றைய ஆங்கிலப் பெயர்ச்சொல்லுக்குப் பன்மை ஈறும் உடைமை ஈறும் மட்டுமே மிச்சம். ஒழுங்கான வினைச்சொல்லுக்கு ‘வாக்’, ‘வாக்ஸ்’, ‘வாக்ட்’, ‘வாக்கிங்’ என்று நான்கே வடிவங்கள். ஈறுகள் செய்த வேலையைச் சொல் நிற்கும் இடம் எடுத்துக்கொண்டது.

இடத்தின் வலிமையைப் பார்க்க, பொருளே இல்லாத ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம்: ‘தி ப்ளிமி ட்ரோக்ஸ் ஸ்னார்ப்ட் மை வொப்பின்’. இவற்றில் ‘தி’, ‘மை’ என்ற இரண்டைத் தவிர மற்றவை எந்த அகராதியிலும் இல்லாதவை. இருந்தும் ‘ட்ரோக்ஸ்’ ஒரு பன்மைப் பெயர்ச்சொல், ‘ப்ளிமி’ அதன் அடை, ‘ஸ்னார்ப்ட்’ இறந்தகால வினை, ‘வொப்பின்’ இன்னொரு பெயர்ச்சொல் என்று நம்மால் சொல்லிவிட முடிகிறது. பொருள் தெரியாமலேயே வகை தெரிகிறது என்றால், வகையைக் கண்டுபிடிக்கப் பொருளை நம்பியிருக்க வேண்டியதில்லை என்பதே அதன் பொருள்.

எத்தனை வகைகள்?

பள்ளிப் பாடங்களில் வழக்கமாக எட்டு வகைகள் சொல்லப்படும்: பெயர்ச்சொல், பிரதிப்பெயர் (‘ஹி’, ‘ஷி’ போன்றவை), பெயரடை, வினைச்சொல், வினையடை, முன்னிடைச்சொல் (‘இன்’, ‘வித்’ போன்றவை), இணைப்புச்சொல் (‘அண்ட்’, ‘பட்’ போன்றவை), வியப்புச்சொல். இந்த எட்டு என்ற எண்ணிக்கை ஆங்கிலத்தில் பிறந்ததன்று. அது பண்டைய கிரேக்க இலக்கணத்திலிருந்து லத்தீன் வழியாக வந்தது. கிரேக்கப் பட்டியலில் இருந்த ‘தி’ போன்ற ஆர்ட்டிகிளுக்கு லத்தீனில் இடமில்லாததால், அதை நீக்கிவிட்டு வியப்புச்சொல்லைச் சேர்த்து எட்டை எட்டாகவே வைத்துக்கொண்டார்கள். பெயரடை அப்போது தனி வகையாகக்கூட இல்லை, பெயர்ச்சொல்லுக்குள்ளேயே அடங்கியிருந்தது. தமிழ் இலக்கணம் பெயர், வினை, இடை, உரி என நான்காகப் பகுக்கிறது. கணினிக்கு மொழியைக் கற்பிப்போர் உருவாக்கிய ‘யுனிவர்சல் டிபெண்டன்சீஸ்’ என்ற முறை 17 வகைகளைப் பயன்படுத்துகிறது; ‘பென் ட்ரீபேங்க்’ என்ற ஆங்கிலச் சொற்றொகுப்பு 36 குறிகளைப் பயன்படுத்துகிறது. ஆகவே எண்ணிக்கையைப் பற்றிக் கவலைப்படாமல், பழக்கமான எட்டோடு ‘டிட்டர்மினர்’ என்ற ஒன்பதாவது வகையையும் சேர்த்துக்கொள்வது போதுமானது. ‘தி’, ‘எ’, ‘மை’, ‘திஸ்’, ‘சம்’, ‘எவ்ரி’ போல, பெயர்ச்சொல்லின் வருகையை முன்கூட்டியே அறிவிக்கும் சிறு சொற்களே டிட்டர்மினர்கள்.

வினைச்சொல்லிலிருந்து தொடங்குங்கள்

பலரும் பெயர்ச்சொல்லைத்தான் முதலில் தேடுவார்கள். வினைச்சொல்லை முதலில் கண்டுபிடிப்பது எளிது என்பது என் கருத்து, ஏனெனில் அதற்கு உறுதியான சோதனை ஒன்று இருக்கிறது: வாக்கியத்தின் காலத்தை மாற்றிப் பாருங்கள். ‘தே பிரிண்ட் தி ஃபார்ம்ஸ் எவ்ரி டே’ என்ற வாக்கியத்தை நேற்று நடந்ததாக மாற்றினால் ‘பிரிண்ட்’ என்பது ‘பிரிண்டட்’ ஆகிறது. வேறு எதுவும் வடிவம் மாறுவதில்லை. காலத்தோடு மாறுவதே வினை. ‘கட்’, ‘புட்’, ‘ஹிட்’, ‘ஷட்’, ‘காஸ்ட்’ போன்ற சில வினைகள் இறந்தகாலத்திலும் அதே வடிவத்தில் நிற்கும். அப்போது ‘வில்’ என்ற சொல்லைச் சேர்த்து எதிர்காலமாக்கிப் பாருங்கள். ‘வில்’ எந்தச் சொல்லின் முன் போய் ஒட்டுகிறதோ அதுவே வினை.

‘கேன்’, ‘குட்’, ‘வில்’, ‘வுட்’, ‘ஷேல்’, ‘ஷுட்’, ‘மே’, ‘மைட்’, ‘மஸ்ட்’ ஆகிய துணைவினைகளைக் கண்டால் வேலை இன்னும் எளிதாகிறது, ஏனெனில் அவற்றை அடுத்து வினைச்சொல்லின் மாறாத அடிவடிவம் வந்தாக வேண்டும். இடையில் ‘நாட்’ என்பதோ ஒரு வினையடையோ புகுந்திருக்கலாம். கேள்வியில் எழுவாய் புகுந்திருக்கும். ‘ஹேவ்’, ‘டூ’, ‘பீ’ ஆகிய மூன்றும் சில இடங்களில் துணைவினையாகவும் சில இடங்களில் முதன்மை வினையாகவும் வரும். ‘ஐ ஹேவ் எ கார்’ என்பதில் ‘ஹேவ்’ முதன்மை வினை. ‘ஐ ஹேவ் சீன் இட்’ என்பதில் அது ‘சீன்’ என்ற வினைக்குத் துணை.

செயலைக் குறிப்பதே வினை என்ற பழைய விளக்கத்தை நம்பிவிட வேண்டாம். ‘நோ’ (அறிந்திருத்தல்), ‘பிலாங்’, ‘சீம்’, ‘இஸ்’ ஆகியவற்றில் எந்தச் செயலும் இல்லை. ஆனாலும் அவை வினைச்சொற்கள். மறுபுறம் ‘அரைவல்’, ‘டிஸ்ட்ரக்‌ஷன்’, ‘ஜர்னி’ ஆகியவை செயலைக் குறிக்கின்றன. ஆனாலும் அவை பெயர்ச்சொற்கள்.

பெயர்ச்சொல்லும் அதன் கூட்டமும்

ஆள், இடம், பொருள் ஆகியவற்றின் பெயரே பெயர்ச்சொல் என்ற விளக்கமும் பாதி வழிதான் வரும். ‘கைன்ட்னெஸ்’, ‘பிராப்ளம்’, ‘ஸ்பீட்’ ஆகியவை இந்த மூன்றில் எதிலும் சரியாக அடங்குவதில்லை. மாறாக நான்கு கேள்விகளைக் கேளுங்கள். அதன் முன் ‘தி’ அல்லது ‘மை’ வைக்க முடிகிறதா? அதைப் பன்மையாக்க முடிகிறதா? அதற்கு உடைமை ஈறு சேர்கிறதா? ‘இன்’, ‘ஆஃப்’, ‘வித்’ போன்ற முன்னிடைச்சொல்லுக்குப் பின் அது நிற்கிறதா? இவற்றில் ஓரிரண்டுக்கு ஆம் என்ற விடை கிடைத்தாலே போதும். ‘ஹி டுக் எ லுக்’ என்பதில் ‘லுக்’ முன் ‘எ’ நிற்கிறது. ஆகவே அது அங்கே பெயர்ச்சொல், வாக்கியத்தின் வினையோ ‘டுக்’. ‘மேக் எ டிசிஷன்’, ‘ஹேவ் எ டாக்’ (பேசுதல்), ‘கிவ் எ ஸ்மைல்’ என்று இப்படி ஓர் எளிய வினையும் ஒரு பெயரும் சேர்ந்து ஒரே செயலைச் சொல்வது ஆங்கிலத்தில் மிகச் சாதாரணம்.

டிட்டர்மினருக்கு அடுத்து உடனே பெயர்ச்சொல் வர வேண்டும் என்பதில்லை. ‘தி ஓல்ட் ஸ்கூல் பில்டிங் நியர் தி ரிவர்’ என்ற தொடரில் ‘தி’ அறிவிப்பது ‘ஓல்ட்’ என்பதையோ ‘ஸ்கூல்’ என்பதையோ அன்று, ‘பில்டிங்’ என்பதையே. கூட்டத்தின் தலைமைச் சொல்லைக் கண்டுபிடிக்க, முன்னிடைச்சொல் தொடங்கும் இடம் வரை படித்து, அதற்கு முன் நிற்கும் கடைசிச் சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அதுவே தலைமைச் சொல்லாக இருக்கும். வாக்கியத்தின் வினை ஒருமையா பன்மையா என்பதும் அதைப் பொறுத்தே அமையும்.

பன்மைச் சோதனையில் மட்டும் கவனம் தேவை. ‘இன்ஃபர்மேஷன்’, ‘அட்வைஸ்’, ‘ஃபர்னிச்சர்’, ‘லக்கேஜ்’, ‘எக்விப்மெண்ட்’, ‘ஹோம்வொர்க்’ ஆகியவை எண்ண முடியாத பெயர்ச்சொற்களாகக் கருதப்படுபவை. அவற்றின் முன் ‘எ’ வராது. அவற்றின் பின் பன்மை ஈறும் வராது. ‘ஃபர்னிச்சர்ஸ்’, ‘இன்ஃபர்மேஷன்ஸ்’ என்று பேச்சில் கேட்கலாம். எழுத்தில் அவை பிழையாகவே கருதப்படும். ‘நியூஸ்’, ‘மேத்தமேட்டிக்ஸ்’ ஆகியவற்றின் ஈறு பன்மை போலத் தோன்றினாலும் அவை ஒருமை. ‘தி நியூஸ் இஸ் குட்’ என்றுதான் எழுத வேண்டும். ‘ஷீப்’, ‘டீர்’ ஆகியவற்றுக்கு ஒருமையும் பன்மையும் ஒன்றே. ‘பேப்பர்’ போன்ற சொற்கள் இரு பக்கமும் நிற்கும்: எழுதும் தாள் என்ற மூலப்பொருளாக வரும்போது எண்ண முடியாது, செய்தித்தாள் அல்லது ஆய்வுக் கட்டுரை என்ற பொருளில் வரும்போது ‘டூ பேப்பர்ஸ்’ என்று எண்ணலாம்.

பெரிய எழுத்தில் தொடங்குவதெல்லாம் சிறப்புப் பெயர் என்று எண்ணிவிடக் கூடாது. ‘இந்தியா’ பெயர்ச்சொல், ‘இந்தியன் ஓஷன்’ என்பதில் ‘இந்தியன்’ பெயரடை. இரண்டும் பெரிய எழுத்திலேயே தொடங்குகின்றன.

தமிழ்ப் பேச்சு மறைத்துவிடும் வேறுபாடு

அன்றாடத் தமிழில் நூற்றுக்கணக்கான ஆங்கிலச் சொற்கள் புழங்குகின்றன. அந்தப் பழக்கமே அவற்றின் வகையை நம் கண்ணிலிருந்து மறைத்துவிடுகிறது. ஓர் ஆங்கிலச் சொல்லை வினையாக்க வேண்டுமானால் நாம் ‘பண்ணு’ என்பதைச் சேர்க்கிறோம். ‘டிஸ்கஸ் பண்ணினோம்’ என்கிறோம். ‘டிஸ்கஷன் பண்ணினோம்’ என்றும் சொல்கிறோம். முன்னது ஆங்கிலத்தில் வினை, பின்னது பெயர். ஆனால் தமிழில் ‘பண்ணு’ இரண்டையும் ஒன்றுபோல ஏற்றுக்கொள்கிறது. ‘செலக்ட் பண்ணு’, ‘செலக்‌ஷன் பண்ணு’ என்பதும், ‘அரேஞ்ச் பண்ணு’, ‘அரேஞ்ச்மெண்ட் பண்ணு’ என்பதும் இவ்வாறே. ஆங்கிலத்தில் எழுதும்போது இந்தத் தாராளம் கிடையாது. ‘வி டிஸ்கஸ்ட் இட்’ என்று வினையைப் பயன்படுத்த வேண்டும், அல்லது ‘வி ஹேட் எ டிஸ்கஷன்’ என்று பெயருக்கு வேறொரு வினையைத் துணைக்கு அழைக்க வேண்டும்.

‘ஆக இரு’ என்ற தமிழ் அமைப்பு இதைவிடப் பெரிய குழப்பத்தைத் தருகிறது. ‘டென்ஷனாக இருக்கிறேன்’ என்பது இயல்பான தமிழ். அதை அப்படியே ‘ஐ ஆம் டென்ஷன்’ என்று ஆங்கிலத்தில் சொன்னால், நானே மன அழுத்தம் என்று பொருள்படும். ‘டென்ஷன்’ பெயர்ச்சொல், அங்கே தேவைப்படுவது ‘டென்ஸ்’ என்ற பெயரடை. ‘சேஃப்டியாக இரு’ என்பது ‘பீ சேஃப்’ ஆக வேண்டும். ‘கான்ஃபிடன்ஸாக இருக்கிறான்’ என்பது ‘ஹி இஸ் கான்ஃபிடன்ட்’ ஆக வேண்டும். ‘சக்ஸஸ் ஆகிவிட்டது’ என்பதற்கு மூன்று வழிகள் உள்ளன: ‘இட் வாஸ் எ சக்ஸஸ்’ (பெயர், முன்னால் ‘எ’ கட்டாயம்), ‘இட் வாஸ் சக்ஸஸ்ஃபுல்’ (பெயரடை), ‘இட் சக்ஸீடட்’ (வினை). தமிழில் நீங்கள் அடிக்கடி பயன்படுத்தும் ஓர் ஆங்கிலச் சொல்லை எடுத்து, ‘பண்ணு’, ‘ஆக’, ‘ஆன’ ஆகிய ஒட்டுகளை நீக்கிவிட்டு, மிச்சமிருப்பது மேற்சொன்ன சோதனைகளில் எதற்கு இசைகிறது என்று பாருங்கள். நம் மொழிக்குள் ஏற்கெனவே வந்துவிட்ட சொற்களைக் கொண்டு செய்வதால், இதைவிட நல்ல பயிற்சியைப் பரிந்துரைக்க எனக்குத் தோன்றவில்லை.

பெயரடை

பெயரடைக்கு இரண்டு இயல்பான இடங்கள் உண்டு. ஒன்று டிட்டர்மினருக்கும் பெயருக்கும் நடுவே: ‘எ ஹேப்பி சைல்ட்’. மற்றொன்று ‘இஸ்’, ‘சீம்’, ‘பிகம்’ போன்ற வினைகளுக்குப் பின்: ‘தி சைல்ட் இஸ் ஹேப்பி’. பெரும்பாலான பெயரடைகள் ‘வெரி’ என்பதை முன்னால் ஏற்கும். ‘ஹேப்பியர்’, ‘மோர் பியூட்டிஃபுல்’ என்று ஒப்பீட்டு வடிவமும் எடுக்கும். விதிவிலக்குகளும் உண்டு. ‘அஸ்லீப்’, ‘அலைவ்’, ‘அஃப்ரெய்ட்’ ஆகியவை வினைக்குப் பின் மட்டுமே வரும். ‘அஸ்லீப் சைல்ட்’ என்று சொல்வதில்லை, ‘ஸ்லீப்பிங் சைல்ட்’ என்றே சொல்கிறோம். ‘மெயின்’, ‘மியர்’ ஆகியவை பெயருக்கு முன் மட்டுமே வரும். ‘மெடிக்கல்’ போன்றவற்றுக்கு அளவு கிடையாது என்பதால் ‘வெரி’ பொருந்தாது.

இங்கே பலரும் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. ‘ஸ்கூல் பஸ்’ என்பதில் ‘ஸ்கூல்’ பஸ்ஸை விளக்குவதால் அதைப் பெயரடை என்று குறித்துவிடுகிறார்கள். சோதித்துப் பாருங்கள்: ‘வெரி ஸ்கூல் பஸ்’ என்று சொல்ல முடியாது, ‘தி பஸ் இஸ் ஸ்கூல்’ என்றும் சொல்ல முடியாது. அடையாக நிற்கும் வேலையைச் செய்தாலும் அது பெயர்ச்சொல்லே. வகை என்பது வேறு, வேலை என்பது வேறு என்பதை இந்த ஒரு தொடர் நன்றாகக் காட்டுகிறது. இப்படி அடையாக நிற்கும் பெயர் பெரும்பாலும் ஒருமையிலேயே நிற்கும்: பல காலணிகளை விற்றாலும் அது ‘ஷூ ஷாப்’. ‘ஸ்போர்ட்ஸ் கார்’ போன்ற விலக்குகள் சிலவே. ‘ஸ்டோன் வால்’ என்பதில் ‘ஸ்டோன்’ பெயர். ‘வுடன் டேபிள்’ என்பதில் ‘வுடன்’ பெயரடை.

இதற்கு நேர்மாறாக, ‘தி ரிச்’, ‘தி புவர்’ என்று பெயரடை பெயரின் இடத்தில் போய் நிற்பதும் உண்டு. செல்வர்கள், ஏழைகள் என்று பன்மைப் பொருள் தந்தாலும் அதற்குப் பன்மை ஈறு சேர்வதில்லை. ‘தி வெரி ரிச்’ என்று ‘வெரி’யையும் அது ஏற்கிறது. இடம் மாறியும் குணம் மாறாத பெயரடை அது.

வினையடை

வினையை மட்டுமல்லாமல், பெயரடையையும் மற்றொரு வினையடையையும் சில வேளைகளில் முழு வாக்கியத்தையும் விளக்குவது வினையடை. ‘லி’ ஈற்றைப் பார்த்ததும் வினையடை என்று முடிவுகட்டுவதுதான் இங்கே வழக்கமான தவறு. ‘ஃப்ரெண்ட்லி’, ‘லவ்லி’, ‘லோன்லி’, ‘காஸ்ட்லி’, ‘எல்டர்லி’ ஆகியவை பெயரடைகள். ‘டெய்லி’, ‘வீக்லி’, ‘எர்லி’ ஆகியவை இரண்டு பக்கமும் நிற்பவை. ‘ஃபாஸ்ட்’, ‘ஹார்ட்’, ‘லேட்’ ஆகியவை ‘லி’ இல்லாமலேயே வினையடையாக வரும். ‘ஹார்ட்’, ‘லேட்’ ஆகியவற்றில் ‘லி’யைச் சேர்த்தால் பொருளே மாறிவிடும். ‘ஹி வொர்க்ஸ் ஹார்ட்’ என்றால் கடுமையாக உழைக்கிறார். ‘ஹி ஹார்ட்லி வொர்க்ஸ்’ என்றால் உழைப்பதே அரிது. ‘ஃபாஸ்ட்லி’ என்று ஒரு சொல் வழக்கில் இல்லை.

வினையடையைக் கண்டறிய ஒரு நல்ல அடையாளம், அது இடம் மாறக்கூடியது என்பது. ‘ஸ்லோலி ஷி ஓபன்ட் தி டோர்’, ‘ஷி ஸ்லோலி ஓபன்ட் தி டோர்’, ‘ஷி ஓபன்ட் தி டோர் ஸ்லோலி’ ஆகிய மூன்றும் சரியே. ஆங்கிலத்தில் இவ்வளவு உரிமையோடு நகரும் சொல் வேறு இல்லை. ‘வெரி’, ‘டூ’ (அளவுக்கு மீறி), ‘குவைட்’ போன்ற அளவுச் சொற்கள் மட்டும் தாம் விளக்கும் சொல்லின் முன்னேயே ஒட்டிக்கொண்டிருக்கும்.

‘லுக்’, ‘ஃபீல்’, ‘டேஸ்ட்’, ‘சவுண்ட்’ போன்ற வினைகளுக்குப் பின் பெயரடையா வினையடையா என்ற ஐயம் வரும். அந்த வினையின் இடத்தில் ‘இஸ்’ வைத்துப் பாருங்கள். ‘ஷி லுக்ஸ் ஹேப்பி’ என்பது ‘ஷி இஸ் ஹேப்பி’ என்று பொருள் கெடாமல் மாறுகிறது. எனவே அங்கே பெயரடைதான் சரி. ‘ஷி லுக்ட் ஹேப்பிலி அட் தி பிக்சர்’ என்பதில் அப்படி மாற்ற முடியாது. பார்க்கும் செயலை விளக்குவதால் அங்கே வினையடை வருகிறது.

சிறு சொற்கள்

‘பிஃபோர்’ என்ற ஒரே சொல் மூன்று வகைகளில் வரும். எது என்று அறிய அதற்குப் பின்னால் பாருங்கள். ‘பிஃபோர் தி எக்ஸாம்’ என்று பின்னால் பெயர்க் கூட்டம் வந்தால் அது முன்னிடைச்சொல். ‘பிஃபோர் ஹி கேம்’ என்று எழுவாயும் வினையும் கொண்ட முழுத் தொடர் வந்தால் அது இணைப்புச்சொல். ‘ஐ ஹேவ் சீன் இட் பிஃபோர்’ என்று பின்னால் எதுவும் வராவிட்டால் அது வினையடை. ‘ஆஃப்டர்’, ‘சின்ஸ்’ ஆகியவற்றுக்கும் இதே சோதனை பொருந்தும்.

இதே முறையில் ‘திஸ் புக்’ என்பதில் ‘திஸ்’ டிட்டர்மினர். ‘திஸ் இஸ் குட்’ என்பதில் பெயருக்குப் பதிலாகத் தனியே நிற்பதால் பிரதிப்பெயர். ‘தட்’ இந்த இரண்டு வகைகளோடு மட்டும் நின்றுவிடுவதில்லை: ‘ஐ நோ தட் ஹி கேம்’ என்பதில் இணைப்புச்சொல், ‘இட் இஸ் நாட் தட் பிக்’ என்பதில் வினையடை. ‘அப்’, ‘டவுன்’, ‘ஆஃப்’ போன்றவை வினையோடு ஒட்டித் தனிப் பொருள் தருவதும் உண்டு. ‘ஹி லுக்ட் அப் தி வேர்ட்’ (சொல்லை அகராதியில் தேடினார்) என்பதை ‘ஹி லுக்ட் தி வேர்ட் அப்’ என்று மாற்ற முடிகிறது. எனவே ‘அப்’ அங்கே வினையின் பகுதி. ‘ஹி லுக்ட் அப் தி சிம்னி’ (புகைபோக்கியின் உள்ளே மேல்நோக்கிப் பார்த்தார்) என்பதை அப்படி மாற்ற முடியாது. அங்கே அது முன்னிடைச்சொல். வியப்புச்சொற்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை: ‘ஓ’, ‘வாவ்’, ‘ஊப்ஸ்’ என்று வாக்கிய அமைப்போடு சேராமல் தனியே நிற்பவை அவை.

‘இங்’ ஈறும் ‘டு’வும்

‘இங்’ ஈற்றுச் சொற்களே மாணவர்களை மிகவும் அலைக்கழிப்பவை. ‘ஹி இஸ் பெயிண்டிங் தி வால்’ என்பதில் அது வினை. ‘ஐ பாட் எ பெயிண்டிங்’ என்பதில் ‘எ’ முன்னே நிற்பதால் பெயர்ச்சொல். ‘ஆன் இன்டரஸ்டிங் ஸ்டோரி’ என்பதில் ‘வெரி’யை ஏற்பதால் பெயரடை. ‘பெயிண்டிங் தி வால் டுக் டூ டேஸ்’ என்பதில் அது வாக்கியத்தின் எழுவாயாகப் பெயரின் இடத்தில் இருந்தாலும், ‘தி வால்’ என்ற செயப்படுபொருளை வினையைப் போலவே ஏற்றிருக்கிறது. இந்த இரட்டைத் தன்மையைத் தமிழில் தொழிற்பெயரிலும் காண்கிறோம்: ‘சுவரைப் பூசுதல்’ என்பதில் ‘பூசுதல்’ பெயர், ஆனால் ‘சுவரை’ என்ற இரண்டாம் வேற்றுமையை வினையைப் போலவே ஏற்கிறது. தமிழ் இலக்கணம் அறிந்தவருக்கு இந்த இடம் ஆங்கிலேயரைவிட எளிதாகப் புரியும்.

‘ஸ்லீப்பிங் சைல்ட்’, ‘ஸ்லீப்பிங் பேக்’ ஆகிய இரண்டையும் ஒப்பிடுங்கள். குழந்தை தூங்குகிறது, ஆனால் பை தூங்குவதில்லை. முன்னது தூங்குகிற குழந்தை என்று பெயரெச்சம் போல நடக்கிறது. பின்னது தூங்குவதற்கான பை என்று பெயர் போல நடக்கிறது.

‘டு’ வந்தால் அடுத்து நிற்பதைப் பாருங்கள். ‘ஐ வான்ட் டு ரெஸ்ட்’ என்பதில் வினையின் அடிவடிவம் வருகிறது. ‘ஐ வென்ட் டு தி பார்க்’ என்பதில் பெயர்க் கூட்டம் வருவதால் ‘டு’ முன்னிடைச்சொல். ‘ஐ லுக் ஃபார்வர்ட் டு மீட்டிங் யூ’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘டு மீட்’ என்று பலர் எழுதிவிடுவதற்குக் காரணம், அங்குள்ள ‘டு’ முன்னிடைச்சொல் என்பதைக் கவனிக்காததே.

ஈறுகளையும் ஒலியையும் எவ்வளவு நம்பலாம்?

‘ஷன்’, ‘மெண்ட்’, ‘நெஸ்’, ‘இட்டி’, ‘ஷிப்’, ‘ஹுட்’ ஆகியவை பெரும்பாலும் பெயர்ச்சொல் ஈறுகள். ‘ஃபுல்’, ‘லெஸ்’, ‘அஸ்’, ‘ஏபிள்’ ஆகியவை பெயரடை ஈறுகள். ‘ஐஸ்’, ‘இஃபை’ ஆகியவை வினை ஈறுகள். இவை துப்புகள் மட்டுமே. ‘மென்ஷன்’, ‘ஃபங்ஷன்’, ‘எக்ஸ்பெரிமெண்ட்’, ‘விட்னஸ்’ ஆகிய நான்கும் பெயராகவும் வினையாகவும் வருகின்றன. ‘நேஷனல்’ பெயரடை; அதே ஈறு கொண்ட ‘அப்ரூவல்’, ‘ரிஃப்யூசல்’ ஆகியவை பெயர். ‘டீச்சர்’ பெயர், ‘பிக்கர்’ பெயரடை, ‘ரிமெம்பர்’ வினை. ஈறு ஒன்று சொல்லி, வாக்கியத்தில் நிற்கும் இடம் வேறொன்று சொன்னால், இடத்தையே நம்புங்கள்.

பேச்சில் இன்னொரு துணை கிடைக்கிறது. ‘ரெக்கார்ட்’, ‘பெர்மிட்’, ‘பிரசன்ட்’, ‘இம்போர்ட்’, ‘இன்சல்ட்’ போன்ற ஈரசைச் சொற்களில் அழுத்தம் முதல் அசையில் விழுந்தால் பெயர், இரண்டாம் அசையில் விழுந்தால் வினை. ‘எஸ்டிமேட்’, ‘டூப்ளிகேட்’ போன்றவற்றில் கடைசி அசை ‘மேட்’, ‘கேட்’ என்று முழுமையாக ஒலித்தால் வினை. ‘மட்’, ‘கட்’ என்பது போலச் சுருங்கி ஒலித்தால் பெயர் அல்லது பெயரடை. ‘ஹவுஸ்’, ‘யூஸ்’ ஆகியவை வினையாகும்போது கடைசி ஒலி தேனீயின் ரீங்காரம் போல அதிர்ந்து ஒலிக்கும். ஆனால் ‘ரிப்போர்ட்’, ‘ரிப்ளை’, ‘ஆன்சர்’ ஆகியவற்றில் ஒலி மாறுவதே இல்லை.

ஒரு வாக்கியத்தைப் பிரித்துப் பார்ப்போம்

‘ஆஃப்டர் தி மீட்டிங், ஷி குவிக்லி ஈமெயில்ட் தி ஃபைனல் ரிப்போர்ட் டு எவ்ரி மெம்பர்’ என்பதை எடுத்துக்கொள்வோம். காலத்தை எதிர்காலமாக மாற்றினால் ‘ஈமெயில்ட்’ என்பது ‘வில் ஈமெயில்’ ஆகிறது. ஆகவே பெயராக நமக்குப் பழக்கமான அந்தச் சொல்லே இங்கே வினை. அதைச் செய்தவர் ‘ஷி’, அது பிரதிப்பெயர். ‘தி’ இரண்டு இடங்களில் வருகிறது. முதல் கூட்டத்தின் தலைமை ‘மீட்டிங்’, இரண்டாவதன் தலைமை ‘ரிப்போர்ட்’. ‘மீட்டிங்’ என்பதன் ‘இங்’ ஈறும், ‘ரிப்போர்ட்’ வேறிடத்தில் வினையாக வரும் என்ற நினைவும் நம்மைத் தடுமாற வைக்கக் கூடாது. இரண்டும் இங்கே பெயர்ச்சொற்களே. ‘ஃபைனல்’ என்பது ‘தி’க்கும் ‘ரிப்போர்ட்’டுக்கும் நடுவே இருக்கிறது. ‘தி ரிப்போர்ட் இஸ் ஃபைனல்’ என்றும் சொல்ல முடிவதால் அது பெயரடை. ‘எவ்ரி’ டிட்டர்மினர், ‘மெம்பர்’ பெயர். ‘ஆஃப்டர்’, ‘டு’ ஆகிய இரண்டுக்கும் பின் பெயர்க் கூட்டம் வருவதால் இரண்டும் முன்னிடைச்சொற்கள். மிஞ்சியது ‘குவிக்லி’, அதை வாக்கியத்தின் இறுதிக்கு நகர்த்திப் பார்த்தால் அமைப்பு கெடவில்லை, எனவே வினையடை.

அகராதியில் சரிபார்க்கும்போது

மேற்சொன்ன முறையில் ஒரு முடிவுக்கு வந்த பிறகே அகராதியைத் திறப்பது நல்லது. முதலிலேயே திறந்தால் ஒரே சொல்லுக்கு நான்கைந்து வகைகள் கண்ணில் பட்டுக் குழப்பமே மிஞ்சும். ‘ரவுண்ட்’ என்ற சொல்லைத் தேடினால் பெயரடை, பெயர், வினை, வினையடை, முன்னிடைச்சொல் என ஐந்தும் வரும். உங்கள் வாக்கியத்தின் அமைப்புக்கு ஒத்த எடுத்துக்காட்டு எந்த வகையின் கீழ் இருக்கிறதோ அதைத் தேர்ந்துகொள்ளுங்கள். பயில்வோருக்கான அகராதிகளில் பெயர்ச்சொல்லுக்கு அருகே ‘சி’ என்ற எழுத்து இருந்தால் எண்ணக்கூடியது, ‘யு’ என்ற எழுத்து இருந்தால் எண்ண முடியாதது என்று பொருள். வினைக்கு அருகே ‘டி’ (T) என்ற எழுத்து இருந்தால் அது செயப்படுபொருளை ஏற்கும் வினை, ‘ஐ’ என்ற எழுத்து இருந்தால் ஏற்காத வினை. உச்சரிப்புப் பகுதியில் அழுத்தம் விழும் அசைக்கு முன்னால் மேலே ஒரு சிறு செங்குத்துக் கோடு இருக்கும்; ‘பெர்மிட்’ என்பதன் பெயர்ப் பதிவிலும் வினைப் பதிவிலும் அந்தக் கோடு எந்த அசைக்கு முன் இருக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்த்து, இரண்டையும் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.